விஸ்வநாததாஸின் பக்கத்தில் நின்றவர்கள்

(கும்மிடிப்பூண்டியில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்று ஒன்றை ஆண்டுதோறும் நடத்துகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம், பாட்டுப் பாடுகிறோம், பேசுகிறோம், கலைந்து போகிறோம். ஒருவரை நினைவில் வைத்திருப்பது என்றால் உண்மையில் என்ன செய்வது என்பதையே இந்த ஆண்டு பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒரு பழைய நாடக நடிகரை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் விஸ்வநாததாஸ். 1886இல் சிவகாசியில் பிறந்தவர். மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில் வாழ்ந்தவர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தவர்.

உங்களில் சிலருக்கு இரண்டு கேள்விகள் எழும். தெற்கத்தி நாடக நடிகரைப் பற்றிக் கும்மிடிப்பூண்டியில் ஏன் பேச வேண்டும்? நம் பக்கம் இருப்பது தெருக்கூத்து. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய பாரதக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஸ்பெஷல் நாடகம் நம் ஊர் வழக்கம் கிடையாது. இது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி இதைவிடக் கடுமையானது. விஸ்வநாததாஸ் தலித் இல்லை. முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். தலித் இலக்கிய மன்றம் அவருக்கு ஏன் மேடை போட வேண்டும்? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இங்கிருந்து இறங்கப் போவதில்லை. அதற்கு முன் அவருடைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கொக்கு விரட்டிய பாட்டு

ஸ்பெஷல் நாடகம் என்பது தென்மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களில் நடக்கும் இசை நாடகம். நிரந்தரக் குழு என்று எதுவும் இருக்காது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அந்த ஒரு ராத்திரிக்குப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் பாடம் தெரியும். அந்தப் பாடத்தில் பெரும்பகுதியைப் போட்டுக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். அவருடைய நாடகங்களில் இன்றுவரை அதிகம் நடப்பது 'வள்ளி திருமணம்'.

அந்த நாடகத்தில் வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டும் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்துக்கு மதுரகவி பாஸ்கரதாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். பாஸ்கரதாஸின் சொந்தப் பெயர் வெள்ளைச்சாமி. நாடகத்துக்கும் பிறகு சினிமாவுக்கும் ஏராளமாக எழுதியவர். அந்தக் கொக்குப் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது விஸ்வநாததாஸின் குரல். வெள்ளைக் கொக்கு என்றால் யார் என்று திடலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கும் போலீஸ்காரருக்கும் தெரியும். ஆனால் தினைப்புனத்தில் கொக்கை விரட்டியது ராஜத்துரோகம் என்று குற்றப்பத்திரிகையில் எழுதினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பாட்டின் சாமர்த்தியம் அதுதான். புராணக் கதைக்கு அனுமதி உண்டு, கதைக்குள் வரும் பறவைக்கும் அனுமதி உண்டு. கேட்பவர் மனதில் நடப்பதற்கு யாரும் உரிமம் கொடுக்கவோ மறுக்கவோ முடியாது.

இருந்தாலும் கைது செய்தார்கள். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் கையில் இருந்தது. மேடையிலிருந்து வேடத்தோடு இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். 29 முறை சிறைக்குப் போனார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கணக்கு. தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் அரசியலைக் கொண்டுசேர்த்ததில் நாடக மேடைப் பாட்டுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை சு.தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நாடகக்காரர்களைக் கூத்தாடிகள் என்று கேவலமாகப் பார்த்த படித்த தலைவர்கள்கூட, கூட்டம் சேர்க்க அவர்களைத்தான் தேடிப் போனார்கள்.

பக்கத்தில் நிற்க மறுத்தவர்கள்

இதுவரை நான் சொன்னது எந்தச் சுதந்திர தின விழாவிலும் சொல்லக்கூடிய கதை. இனிமேல் சொல்லப் போவதை அங்கே வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

விஸ்வநாததாஸ் பேர் பெற்ற ராஜபார்ட். அவர் வந்தால் டிக்கெட் விற்கும். ஆனால் அவரோடு ஜோடியாக நடிக்க ஸ்திரீபார்ட் நடிகைகள் பலர் மறுத்தார்கள். காரணம் அவருடைய சாதி. முருகனாக அவர் வள்ளியின் கையைப் பிடிக்க வேண்டும், பக்கத்தில் நிற்க வேண்டும், கடைசியில் மாலை மாற்ற வேண்டும். பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்ட ஊரில், அந்தக் கையைத் தொட ஆள் கிடைக்கவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மறுத்த நடிகைகள் யாரும் சமூகத்தின் உச்சியில் இருந்தவர்கள் இல்லை. அந்தக் காலத்தில் மேடையேறிய பெண்ணுக்கு என்ன பேர் கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் அந்தப் பேர் முழுதாக விலகவில்லை. ஸ்பெஷல் நாடக நடிகைகளோடு மதுரையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலின் தலைப்பிலேயே தமிழ் மேடையின் களங்கம் என்ற பொருள் இருக்கிறது. அப்படி ஊர் முழுக்க இழிவாகப் பார்க்கப்பட்ட பெண்களே இன்னொரு மனிதரை இழிவாகப் பார்த்து ஒதுங்கினார்கள். தங்களுக்கு மிச்சமிருந்த கொஞ்சம் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, கீழே இருப்பவரைத் தொடாமல் இருப்பது.

அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். எல்லோரையும் ஒரேயடியாக மிதித்தால் எல்லோரும் ஒன்றுசேர்ந்து எழுந்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவரைக் காட்டிவிட்டால் யாரும் எழ மாட்டார்கள். நாடகக் கொட்டகையின் ஒப்பனை அறைக்குள் அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதற்கு விஸ்வநாததாஸின் வாழ்க்கை சாட்சி.

அந்த நேரத்தில் முன்வந்தவர் ஓர் இளம்பெண். கே.பி.ஜானகி. 1917இல் பிறந்தவர், சிறு வயதிலேயே நாடகக் குழுவில் பாடகியாகச் சேர்ந்தவர். மற்றவர்கள் மறுத்தபோது, நான் நடிக்கிறேன் என்று விஸ்வநாததாஸுக்கு ஜோடியாக மேடையேறினார். பிறகு அரசியலுக்கு வந்தார், கம்யூனிஸ்ட் ஆனார், இரண்டாம் உலகப் போருக்கு எதிராகப் பேசியதற்காகச் சிறைக்குப் போனார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கே.பி.ஜானகியம்மாள் என்று மதுரைத் தொழிலாளர்கள் இன்றும் மரியாதையாகச் சொல்லும் பெயர் அது. அவருடைய அரசியல் அந்த மேடையில், ஒரு மனிதரின் பக்கத்தில் போய் நின்றதில் தொடங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

ஒரே மனிதர், நான்கு படங்கள்

இன்றைக்கு விஸ்வநாததாஸை உயிரோடு வைத்திருப்பவர்கள் யார்?

அரசாங்கம் திருமங்கலத்தில் அவர் வீட்டை நினைவு இல்லமாக்கியிருக்கிறது. அங்கே அவர் தியாகி. சாதி அமைப்புகள் பிறந்த நாளுக்குச் சுவரொட்டி ஒட்டுகின்றன. அங்கே அவர் சமுதாயத் தலைவர். இடதுசாரி மேடைகளில் ஜானகியம்மாளின் கதையைச் சொல்லும்போது அவரும் வருகிறார். அங்கே அவர் ஒரு தோழர். ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்கு இந்த மூன்றும் இரண்டாம்பட்சம். அவர்களுக்கு அவர் வாத்தியார். வேடத்தோடு செத்தவர். அந்தச் சாவு ஒரு கலைஞனுக்குக் கிடைக்கும் வரம் என்று சொல்வார்கள்.

நான்கு பேரும் ஒரே மனிதரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் எதையோ ஒன்றை வெட்டிவிட்டுச் சொல்கிறார்கள். தியாகி கதையில் எதிரி வெள்ளைக்காரன் மட்டும்தான். பக்கத்தில் நிற்க மறுத்த நம்மூர்க்காரர்கள் அதில் வர மாட்டார்கள். சாதி அமைப்பின் கதையில் அவமானம் வரும். ஆனால் அதே அவமானத்தைத் தங்கள் ஊரில் யாருக்குத் தாங்கள் செய்கிறார்கள் என்பது வராது. தோழர் கதையில் ஜானகியம்மாளின் துணிச்சல் பெரிதாகி, அதற்குக் காரணமான சாதி சின்னதாகிவிடும். மயில்மேல் உயிர்விட்ட கதையில் பக்தி வரும், கைத்தட்டல் வரும். அன்றைக்கு அவர் கடனில் இருந்தார் என்பது அடிக்குறிப்பாகக்கூட வராது.

இருந்தாலும் இந்த நால்வரில் நான் அதிகம் மதிப்பது நாடக நடிகர்களைத்தான். கட்டடம் கட்டியவர்கள் சாவியைப் பூட்டி வைத்திருப்பார்கள். சுவரொட்டி மழையில் கிழிந்துவிடும். அந்தப் பாட்டைத் தொண்டையில் வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். திருவிழாக் காலத்தில் ராத்திரி ராத்திரியாக வேனில் பயணம் செய்து, பத்து மணிக்குத் திரை திறந்து, விடிகிற வரை நின்று பாடி, அடுத்த ஊருக்குப் போகிறவர்கள். கூத்தாடி என்ற வசைச்சொல்லைச் சுமந்துகொண்டே பாட்டையும் சுமக்கிறவர்கள். பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை அவருடைய பேரன், நாடகக்காரர் முருகபூபதி தொகுத்துப் பதிப்பித்த பிறகுதான் படித்தவர்கள் பலருக்கு அந்த உலகம் தெரியவந்தது. ஆனால் அந்தப் பாட்டுகள் அதற்கு முன்பே மேடையில் இருந்தன.

நமக்கு முடிவெட்ட மறுத்தவர்கள்

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

தோழர்களே, மருத்துவர் சமூகத்தைப் பற்றி நம் மக்களின் நினைவில் இருப்பது விஸ்வநாததாஸின் பாட்டு இல்லை. 'உனக்கு இங்கே வெட்ட மாட்டோம், வேற ஊருக்குப் போ' என்ற பேச்சுதான். நம் தாத்தாக்கள் முடிவெட்டிக்கொள்ளப் பல மைல் நடந்திருக்கிறார்கள். கடையில் தலித்துகளுக்கு மறுப்பது 1955இலேயே சட்டப்படி குற்றம் ஆகிவிட்டது. ஆனாலும் சலூனில் தலித் இளைஞரைத் திருப்பி அனுப்பினார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியிருக்க அவருக்கு நாம் எதற்கு விழா எடுக்க வேண்டும் என்று கேட்டால், அந்தக் கோபம் நியாயமானது.

அதே நேரத்தில் அந்த சலூன்காரரின் நிலையையும் பார்க்க வேண்டும். பல ஊர்களில் 'அவங்களுக்கு வெட்டினா நாங்க வர மாட்டோம், கடையைக் காலி பண்ணு' என்று ஆதிக்கச் சாதிக்காரர்கள் மிரட்டியிருக்கிறார்கள். கத்தரி அவர் கையில் இருக்கிறது, கட்டளை வேறு ஒருவரிடமிருந்து வருகிறது. இது அவர் செய்ததை நியாயப்படுத்தாது. மறுத்தவர் மறுத்தவர்தான், சட்டப்படி அவர் குற்றவாளி. ஆனால் நாடக நடிகை விஸ்வநாததாஸின் கையைத் தொட மறுத்ததும், விஸ்வநாததாஸின் சாதிக்காரர் நம் தலையைத் தொட மறுத்ததும் ஒரே படிக்கட்டில் அடுத்தடுத்த படிகள். ஒன்றைப் பேசாமல் மற்றொன்றைப் பேச முடியாது.

அந்தப் படிக்கட்டு நம்மோடு முடிந்துவிடவும் இல்லை. நமக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணாரை நாம் எப்படி நடத்தினோம்? இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' நாவலில் அதை எழுதியபோது, தலித் மக்களைக் குற்றவாளியாக்குகிறார் என்று நம் முகாமிலிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. இன்றைக்கு அந்த நாவலை விலக்கிவிட்டுத் தமிழ் இலக்கியத்தைப் பேச முடியுமா? கீழே இருக்கும் படியைப் பார்க்கச் சொன்னதால் யாரும் சிறுத்துப் போகவில்லை.

ஆகவே என் பதில் இதுதான். விஸ்வநாததாஸை நாம் கொண்டாடுவது அவர் நம் சாதி என்பதற்காகவும் இல்லை, அவர் சாதி நமக்கு நல்லது செய்தது என்பதற்காகவும் இல்லை. பாட்டை உள்ளே விட்டுப் பாடியவரை வெளியே நிறுத்தும் வித்தையை அவர் கதை அப்பட்டமாகக் காட்டுகிறது. பறையை ரசிப்பவர்கள் பறையடிப்பவரை எங்கே நிறுத்துகிறார்கள் என்று தெரிந்த நமக்கு, அந்தக் கதையை மற்றவர்களைவிட நன்றாகச் சொல்ல முடியும். அதை விஸ்வநாததாஸின் சமூகத்துக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் தாத்தாவை மேடையில் தொடாதவர்களை நீங்கள் மறக்கவில்லை என்றால், உங்கள் கடைக்கு வரும் பையனைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று அவர் பிறந்த நாள் விழாவிலேயே போய்ச் சொல்ல வேண்டும்.

சிப்காட்டில் இருக்கும் இன்னொரு பாட்டு

இந்தக் கதை மதுரைக்கு மட்டும் சொந்தம் இல்லை. இங்கே சிப்காட்டில் இரும்பு ஆலைகளில் உங்களோடு வேலை செய்யும் பீகார் தொழிலாளர்களிடம் பிகாரி தாக்கூர் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். போஜ்புரி பேசுகிறவராக இருந்தால் முகம் மலரும்.

பிகாரி தாக்கூர் 1887இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பிறந்தவர். விஸ்வநாததாஸுக்கு ஒரு வயது இளையவர். அவரும் முடிதிருத்தும் சாதி. பிழைப்புக்காகக் கரக்பூருக்குப் போய் முடிவெட்டியவர். ஊருக்குத் திரும்பி நாடகக் குழு தொடங்கினார். அவருடைய புகழ்பெற்ற நாடகம் 'பிதேசியா'. இளம் மனைவியை ஊரில் விட்டுவிட்டு கல்கத்தாவுக்கு வேலைக்குப் போனவனையும், ஊரில் காத்திருப்பவளையும் பற்றிய கதை. நூறு வருஷமாக அந்தப் பாட்டு ஓயவில்லை, ஏனென்றால் அந்த ரயிலும் ஓயவில்லை. அன்றைக்குக் கல்கத்தா, இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி.

அந்த நாடகங்களில் பெண் வேடத்தை ஆண்களே போடுவார்கள். அதை லௌண்டா நாச் என்று சொல்வார்கள். கௌரவமானவர்கள் அதை ஆபாசம் என்று தள்ளி வைத்தார்கள். 1971இல் தாக்கூர் இறந்த பிறகும் அந்த ஆட்டத்தை விடாமல் ஆடிக் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் ராமச்சந்திர மாஞ்சி. தலித் கலைஞர். சிறுவனாகத் தாக்கூரின் குழுவில் சேர்ந்து, தொண்ணூறு வயதைத் தாண்டியும் சேலை கட்டி ஆடியவர். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022இல் மறைந்தார்.

முடிதிருத்தும் சாதியில் பிறந்தவரின் பாட்டைத் தலித் ஒருவர் தன் உடம்பில் வைத்துக் காப்பாற்றினார். இதைவிட நல்ல பதில் என் இரண்டாவது கேள்விக்குக் கிடைக்காது. அடுத்த மாதம் நம் கலைக்குழு நிகழ்ச்சி நடத்தும்போது, தொழிலாளர் குடியிருப்பிலிருந்து ஒரு போஜ்புரிக்காரரை அழைத்து இரண்டு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். நம்மை அவர் புரிந்துகொள்ள அதுவே போதும். மொழி தெரியாதவன், கூலியைக் குறைக்க வந்தவன் என்று அவரைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சையும் அந்தப் பாட்டு கொஞ்சம் நிறுத்தி வைக்கும்.

பாபாசாகேப் வாங்க மறுத்த பணம்

பழைய கலையை அப்படியே காப்பாற்றுவது எப்போதும் நல்லதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

மகாராஷ்டிரத்தில் பட்டே பாபுராவ் என்று ஒரு தமாஷா கவிஞர் இருந்தார். பிறப்பால் பிராமணர். சாதியை விட்டு வெளியேறித் தமாஷாவுக்கு வந்தவர். அவர் எழுதிய லாவணிகளை இன்றும் பாடுகிறார்கள். அவரோடு மேடையில் ஆடிப் பாடியவர் பவளா என்ற மகர் பெண். பாபுராவின் பெயர் நிலைத்தது. பவளாவின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மகாத் போராட்டத்துக்கு நிதி கொடுக்கத் தன் தமாஷா வருமானத்தோடு பாபுராவ் வந்தபோது, எங்கள் பெண்களை ஆடவைத்துச் சம்பாதித்த பணம் எங்களுக்கு வேண்டாம் என்ற பொருளில் பாபாசாகேப் அம்பேத்கர் மறுத்துவிட்டார் என்று பதிவாகியிருக்கிறது. தமாஷாப் பெண்களைப் பற்றி 2022இல் நூல் எழுதிய வரலாற்றாசிரியர் ஷைலஜா பைக், அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து இதை மறுபடியும் கேட்கிறார். கலை என்று ஒரு பக்கம் புகழ், ஆபாசம் என்று ஒரு பக்கம் பழி. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் எப்படிப் பிழைத்தாள்?

இது நமக்கும் தெரிந்த விவாதம்தான். சாவு வீட்டில் பறையடிக்க மாட்டோம் என்று நம் முந்தைய தலைமுறை மறுத்தது. அதற்காக அடிபட்டது, ஊர்விலக்கு வாங்கியது. அடுத்த தலைமுறை அதே பறையை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையடித்தார்கள். புத்தர் கலைக்குழு ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்தது. இதில் யார் சரி என்று நம்மிடையே சண்டை போட்டிருக்கிறோம். இருவரும் சரி என்பதுதான் என் கருத்து. முதல் தலைமுறை மறுத்ததால்தான் இரண்டாம் தலைமுறையால் விரும்பி எடுக்க முடிந்தது. அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடியாதவன் அடிப்பது வெட்டி வேலை. சொல்ல முடிந்தவன் அடிப்பதே கலை.

ஒரு பழைய கலைஞரின் பாட்டைப் பாடுகிறவர்களிடமும் இந்த அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். பாட்டில் சுருதி சேர்ந்ததா என்பதோடு நிறுத்தக்கூடாது. அந்தப் பாட்டைப் பாட வைத்த அவமானம் குறைந்ததா, அப்படியே தொடர்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

நம் மன்றத்தின் கலைக்குழுவுக்கும் மாணவர்களுக்கும் நான்கு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. யாருடைய பாட்டைப் பாடினாலும் பாட்டுக்கு முன் ஒரு நிமிஷம் பேசுங்கள். எழுதியவர் யார், பாடியவர் யார், அவர் பக்கத்தில் நிற்க மறுத்தவர்கள் யார், வந்து நின்றவர் யார். விஸ்வநாததாஸின் பாட்டை ஜானகியம்மாளின் பெயர் இல்லாமல் பாடாதீர்கள். அவர்கள் இருவரையும் நடிகைகளின் மறுப்பு இல்லாமல் பாடாதீர்கள். அந்த மறுப்பை விட்டுவிட்டால், ஜானகியம்மாள் செய்தது என்ன என்றே கேட்பவருக்குப் புரியாது.

இரண்டு. நோட்டீஸைப் பாருங்கள். சிறப்பு விருந்தினர் பெயர் கொட்டை எழுத்தில், பறையடிப்பவர் பெயர் 'மற்றும் குழுவினர்' என்பதற்குள். நம் மன்றத்து நோட்டீஸிலும் இது நடக்கிறது. ஸ்பெஷல் நாடக நோட்டீஸில்கூட நடிகர் ஒவ்வொருவருக்கும் பெயரும் படமும் இருக்கும். ஒரு ராத்திரிக்கு வருகிற பபூனுக்குக் கிடைக்கும் மரியாதை நம் தோழருக்குக் கிடைக்க வேண்டாமா? கூலியையும் அன்றைக்கே கொடுங்கள். 'நம்ம நிகழ்ச்சிதானே' என்று பாட்டுக்காரரின் கூலியில் மட்டும் கைவைப்பது கொள்கை ஆகாது. ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்தை இழுத்தடிக்கும் முதலாளியை எதிர்த்து ஆலை வாசலில் பாடிவிட்டு, பாடியவருக்கு நாம் இழுத்தடிக்கக்கூடாது.

மூன்று. மேடை எங்கே போடுகிறோம்? காலனிக்குள்ளேயே போட்டு, காலனிக்குள்ளேயே பாடி, நாமே கைதட்டிக்கொள்வது சுலபம். பொது இடத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். விஸ்வநாததாஸ் காலத்துக்கு 1876ஆம் ஆண்டுச் சட்டம் என்றால், சுதந்திரத்துக்குப் பிறகு எம்.ஆர்.ராதாவின் வாயை அடைக்க 1954இல் நம்மவர்களே ஒரு நாடகச் சட்டம் போட்டார்கள். கொக்கு மாறினாலும் வலை மாறவில்லை. அதனால் அனுமதி மறுப்பு என்பதும் நம் கலை வரலாற்றின் பகுதிதான். அந்தக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நான்கு. பெண் தோழர்கள். நம் குழுவில் பாட வருகிற பெண்களை, பாட்டு முடிந்ததும் கடைசி ரயிலுக்கு ஓடவிடுகிறோம். அவர்களைப் பற்றி வீட்டிலும் தெருவிலும் வருகிற பேச்சுக்கு அவர்களே பதில் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறோம். மேடையில் ஒரு பெண் வந்து நின்றதால்தான் விஸ்வநாததாஸால் நடிக்க முடிந்தது. நம் மேடையும் அப்படித்தான் நிற்கிறது. அவர்களைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பதும், அவர்களைத் தப்பாகப் பேசுகிறவரிடம் போய் நிற்பதும் குழுவின் வேலை. அதுவும் ஒத்திகையில் சேர்த்தி.

தோழர்களே, டிசம்பர் 31 ராத்திரி எல்லோரும் புது வருஷத்துக்குக் காத்திருப்பார்கள். 1940இல் அந்த ராத்திரிதான் விஸ்வநாததாஸ் கடைசியாகப் பாடினார். இந்த ஆண்டு அந்த ராத்திரி நம் குழு பாடட்டும். கொக்குப் பாட்டை மாணவர்கள் பாடட்டும், பிதேசியாப் பாட்டை இரும்பு ஆலைத் தோழர் பாடட்டும், பறை முழங்கட்டும். பன்னிரண்டு மணிக்கு முன் ஒரு நிமிஷம் பாட்டை நிறுத்தி, பக்கத்தில் நிற்க மறுத்தவர்களின் கதையைச் சொல்லுங்கள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களையும் பெயர் சொல்லி அழையுங்கள். அவர்கள் வந்தால் முன்வரிசையில் உட்கார வையுங்கள். வராவிட்டால் அடுத்த ஆண்டும் அழையுங்கள்.